சொல்லிக்கொண்டே ஓட்டு

“இதை நீங்களே வெச்சுக்குங்க, மாஸ்டரம்மா.”

நாச்சிமுத்து தன் லைசென்ஸையும் கார் சாவியையும் மேஜைமேல் வைத்தார்.

மாஸ்டரம்மா இரண்டையும் பார்த்தார். தொடவில்லை.

“காருல ஏதாச்சும் கோளாறுங்களா?”

“காரு நல்லாத்தான் இருக்குதுங்க. கோளாறு எனக்குத்தான்.”

“டீ குடிக்கறீங்களா?”

“வேண்டாமுங்க.”

மாஸ்டரம்மா எழுந்து போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார்.

தாராபுரத்தில் லோகநாயகி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாஸ்டரம்மா என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை ஆட்டோக்காரர்களும் வழி சொல்வார்கள். மூலனூர் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்திய அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோனதும், இருபத்திரண்டு வயதில் அவருடைய இடத்தில், அதாவது இடப்பக்கத்து சீட்டில், ஏறி உட்கார்ந்தவர். பொம்பளையிடம் போய் கார் கற்றுக்கொள்வதா என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. சிரித்தவர்கள் கால் கிளட்ச்சின் மேல் கிடுகிடுவென்று ஆடியதை முதல் நாளே பார்த்தவர் மாஸ்டரம்மா. யாரிடமும் சொன்னதில்லை. அதற்கே மரியாதை தானாக வந்து சேர்ந்தது.

நாச்சிமுத்து அங்கே கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது, மாஸ்டரம்மாவுக்கு இருபத்தைந்து. அவர் அப்போது சர்வேயர். தாலுக்கா முழுவதும் சங்கிலி பிடித்து அளந்தவர். ஊரில் நாலு பேரை அதட்டிப் பேசுகிற ஆள். ஆனால் அந்தக் காருக்குள் ஏறிவிட்டால் பெட்டிப் பாம்பு.

அந்த ஸ்கூலில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் கிடையாது.

சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ‘பாத்தாச்சு’ என்று முடிக்க வேண்டும். முன்னால டவுன் பஸ், பாத்தாச்சு. எடப்பக்கம் எருமை, பாத்தாச்சு. பெட்டிக்கடைகிட்ட ஒரு ஆத்தா ரோட்டத் தாண்டலாமான்னு நிக்குது, பாத்தாச்சு. ஜன்னல் கண்ணாடி இறக்கியிருப்பதால் இது ரோட்டில் போகிறவர்கள் காதிலெல்லாம் விழும். மந்திரம் சொல்லிக்கிட்டே போறான் பாரு என்று சிரிப்பார்கள். காது சிவக்கும். அதற்காக வாயை மூடிவிட முடியாது.

ஏனென்றால் மாஸ்டரம்மாவின் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் கார்களில் இருக்குமே, அது. அதைப்பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்.

“என்ற காலு அசையறதுக்கு முன்னால உங்க வாயி அசையணும்.”

கால் முதலில் அசைந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. எந்த இடமாக இருந்தாலும் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். நாச்சிமுத்துவை ஒருதரம் அமராவதிப் பாலத்துமேல் இறக்கிவிட்டார். வேகாத வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனார் மனுஷன். முப்பது வருஷமாகியும் அதைப் பதக்கம் வாங்கியதுபோல் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இன்றைக்கு அந்தப் பெருமையெல்லாம் முகத்தில் இல்லை. மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை.

“வியாழக்கிழமை சாயங்காலமுங்க. எளநி விக்கற எடத்துல ஒரு மினி லாரி நிக்கும், தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“அதும் பின்னாலருந்து ஒரு புள்ளை. பள்ளிக்கோடத்து யூனிபாரம். சைக்கிள்ல வந்துச்சு.”

“நீங்க பாக்கலீங்களா?”

“பாக்கலீங்க.”

“போன் பேசிட்டு வந்தீங்களா?”

“இல்லீங்க. பாட்டுக்கூட போடல. ரோட்டத்தான் பாத்துட்டு வந்தேன். ஆனா பாக்கலீங்க.” அவருக்கு வேறுமாதிரி சொல்லத் தெரியவில்லை. “காரு தானா பிரேக் போட்டுது. பீப் பீப்புன்னு கத்திட்டு அப்படியே நின்னுபோச்சு. எறங்கிப் போய்ப் பாத்தா, சைக்கிளுக்கும் பம்பருக்கும் ஒரு சாண்தானுங்க.”

“நல்ல காரு.”

“நல்ல காருதானுங்க! அதுதான் என்ற வவுத்தெரிச்சல். அது பாத்துச்சு. நான் பாக்கல.”

“அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?”

நாச்சிமுத்து டீயை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“சாரிங்க தாத்தா, அப்படின்னுச்சுங்க. என்கிட்ட சாரி சொல்லிட்டுப் போகுதுங்க அந்தக் கொழந்தை.”

அந்த வார்த்தைதான் மூன்று நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கார் இல்லாமல் அவருக்கு ஆகாது என்பது மாஸ்டரம்மாவுக்கும் தெரியும். வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறது. பஸ் நாளைக்கு இரண்டே நடை. ஓட்டுவதை விட்டால் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகள் நல்லவள்தான், வா வா என்றுதான் கூப்பிடுகிறாள். இருந்தாலும் மனைவி பூவாத்தாள் வாழ்ந்து செத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. ஆனால் ஒரு குழந்தையின்மேல் ஏற்றிவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றார். “அந்தப் பழைய மாருதிய இருபத்தாறு வருசம் ஓட்டினேன். கேமரா உண்டா, பீப் உண்டா? ஒண்ணுமே இல்லாத வண்டி. என்ற ரெண்டு கண்ணு மட்டும்தான். ஒரு கீறல் விழுந்துருக்குமுங்களா?”

“இல்லீங்க.”

“இந்தக் காருல எல்லாம் இருக்குது. ரோட்டுல வெள்ளைக் கோட்டைத் தாண்டினா கத்துது. பக்கத்துல ஆளு வந்தா கத்துது. நான் அசந்தாப்ல இருந்தா டீக் கப் படம் போட்டுக் காட்டுது. இத்தனையும் இருந்து இப்படி ஆச்சுதே. ஒண்ணு, என்ற கண்ணு போயிருக்கோணும். இல்லாட்டி இந்தக் காரு என்ற கண்ணைக் கெடுத்துருக்கோணும். ரெண்டுல எதுங்க?”

மாஸ்டரம்மா காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டார்.

“ஒண்ணுமே இல்லாத வண்டின்னீங்க.”

“ஆமாங்க. ஒண்ணுமே இல்லாத வண்டிதான்.”

சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு மாஸ்டரம்மா பின்பக்கம் நடந்தார். அதில் பித்தளையில் ஒரு குட்டி வேல் தொங்கியது. அதை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். பழனியில் பூவாத்தாள் பேரம் பேசி வாங்கியது.

ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு பொட்டல். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் ஸ்டியரிங் பிடித்துப் பழகுகிற இடம். அங்கே வேப்பமரத்தடியில் நாச்சிமுத்துவின் பழைய வெள்ளை மாருதி நின்றுகொண்டிருந்தது. கூரையில் சிவப்பாக ‘L’ போட்ட பலகை.

பூவாத்தாள் போன ஆறாவது மாதம், இனி பழைய வண்டி வேண்டாம் என்று மகள் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, காயலான் கடைக்காரனுக்குக் கொடுக்க மனம் வராமல் மாஸ்டரம்மாவிடம் கொண்டுவந்து விட்டுப்போனார். ரோட்டுக்கு விட வேண்டாம், பொட்டலுக்குள்ளேயே ஓடட்டும் என்று பேச்சு. அதன்பிறகு இந்த ஒன்றரை வருஷத்தில் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

இப்போது பார்த்துவிட்டார். அழவில்லை. கூரைமேல் கை வைத்தார். வெயிலில் சூடாக இருந்தது.

“எத்தனை பழனிங்க இந்த வண்டியில” என்றார். “வருசா வருசம் தைப்பூசம் முடிஞ்ச மக்யா நாளு கெளம்பீருவோம், கூட்டம் கொறஞ்சுருக்கும்னு. அவ புளிச்சோத்தைக் கட்டி மஞ்சப்பையில போட்டு மடியில வெச்சுக்குவா. பின் சீட்டுல வைன்னா வெக்க மாட்டா. வண்டி முச்சூடும் புளிச்சோத்து வாசம்.”

மாஸ்டரம்மா கூரையில் கிடந்த வேப்பஞ்சருகைத் தட்டிவிட்டார்.

“வாசத்தைக்கூடத் தாங்கிக்கலாமுங்க. அவ வாயி இருக்குதே!” நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, ஆடு. ஏனுங்க, அந்த பஸ்ஸுக்காரன் எடுக்கறான். ஏனுங்க, மேடு. வீட்டுலருந்து பழனிக்கு முப்பது கிலோமீட்டரு, முந்நூறு ஏனுங்க. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. எனக்குச் சொல்லித் தருவா.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“பாத்தாச்சு பாத்தாச்சும்பேன். வேற என்ன பண்றது? சொல்லாட்டி விட மாட்டா. பாத்தீங்களா, பாத்தீங்களான்னு அரிச்செடுத்துப்போடுவா. ஒருநாளு கோவம் வந்து, காரை ஓட்டறது நானா நீயான்னு கத்திட்டேன். பேச்சையே நிறுத்திட்டா.”

“அப்புறம்?”

“ஒரு பர்லாங்கு. அப்புறம், ஏனுங்க, மாடு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“ஏறுங்க” என்றார் மாஸ்டரம்மா.

நாச்சிமுத்து பழக்கதோஷத்தில் வலப்பக்கத்துக் கதவுக்குப் போனார். அங்கே மாஸ்டரம்மா ஏற்கெனவே கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

“இங்க இல்லீங்க. அந்தப் பக்கம்.”

அவர் சுற்றிக்கொண்டு போய் ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. தன் சொந்தக் காரில் இடப்பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட இல்லை. கண்ணாடி வழியே ரோடு வேறுமாதிரி தெரியும்போல இருந்தது. பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இல்லாமல் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். மஞ்சப்பை இல்லாத மடி.

மாஸ்டரம்மா வண்டியைக் கிளப்பினார்.

பொட்டலைச் சுற்றி ஒரு வட்டம் போனார்கள். இரண்டாவது வட்டத்தில் மாஸ்டரம்மா ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. வண்டி நேராகப் போயிற்று. எதிரே காம்பவுண்டுச் சுவர். ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் சுவர் கிட்டே வந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். மாஸ்டரம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இன்னும் பத்தடி.

“ஏனுங்க! செவுரு!”

“பாத்தாச்சு” என்றார் மாஸ்டரம்மா.

ஆனால் அதற்குள் வண்டி நின்றுவிட்டது. நிறுத்தியது நாச்சிமுத்துவின் வலது கால். அது அவரைக் கேட்காமலே கீழே எதையோ ஓங்கி மிதித்திருந்தது. தேடவில்லை, துழாவவில்லை. மிதித்த இடத்தில் பிரேக் இருந்தது.

எஞ்சின் விக்கிவிட்டு அணைந்தது.

தன் வாயிலிருந்து வந்த அந்த ‘ஏனுங்க’ நாச்சிமுத்துவுக்கே விசித்திரமாக இருந்தது. வந்தது அவர் குரல்தான். ஆனால் வந்த தினுசு அவருடையது இல்லை.

மெதுவாகக் குனிந்து காலடியைப் பார்த்தார்.

புதிதாகப் பொருத்திய பிரேக் பெடல். அதன் கீழே பழைய ரப்பர் மிதியடி. வலப்பக்கத்து மிதியடியை அவர் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். இடப்பக்கத்தை மாற்றியதே இல்லை. என்ன தேயப்போகிறது, அவள் சும்மா உட்கார்ந்துதானே வருகிறாள் என்று விட்டுவிட்டார்.

பெடலுக்கு நேர் கீழே அந்த மிதியடி தேய்ந்து குழிந்திருந்தது. ரப்பர் போய், அதற்கடியில் துணி போய், தகரமே தெரிந்தது. ஒரு குதிகால் அளவுக்குக் குழி. சின்னக் குதிகால்.

“இது... உங்ககிட்டப் படிக்கறவங்க...” என்று ஆரம்பித்தார்.

“படிக்கறவங்க அந்தப் பக்கம் உக்கார மாட்டாங்க.”

“நீங்க...”

“நான் இந்த வண்டியில பெடலை மிதிச்சது நாலு தரம் இருக்குமுங்க.”

நாச்சிமுத்து இன்னும் குனிந்தார்.

“வண்டி வந்த அன்னைக்கு மெக்கானிக்கு மிதியடியப் புடிச்சுக்கிட்டே என்கிட்டக் கேட்டான்” என்றார் மாஸ்டரம்மா. “பிரேக்கை எங்க வெக்கட்டுங்க மாஸ்டரம்மா, அளவு சொல்லுங்கன்னான். நான் அளவே சொல்லலீங்க. இந்தக் குழியத்தான் காட்டினேன்.”

சர்வேயர் நாச்சிமுத்து கையை நீட்டி அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தார். ஊர் உலகத்து நிலத்தையெல்லாம் அளந்தவர். ஒரு முழம் தள்ளியிருந்த இதை அளக்கவில்லை. முந்நூறு ஏனுங்க மட்டும் காதில் விழுந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் அழுந்தியது தெரியவில்லை. இப்போது அழுகை வந்தது. அடக்கவும் முயலவில்லை.

மாஸ்டரம்மா ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுது ஓய்ந்ததும் நாச்சிமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

“அப்ப இந்தப் புதுக் காரும் அதையேதானுங்களே செய்யுது? ஆளு வந்தா கத்துது. பிரேக் போடுது. அவ சொன்னா பாத்தேன். இது சொன்னா ஏன் பாக்க மாட்டேங்கறேன்?”

“இது சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?”

“எதுகிட்டங்க?”

“காருகிட்ட.”

“காருகிட்ட என்னத்தைங்க சொல்றது? அது பாட்டுக்குக் கத்தும். நான் பாட்டுக்கு...”

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாஸ்டரம்மா இறங்கி ஆபீஸ் பக்கம் நடந்தார். நாச்சிமுத்து வந்து சேர்ந்தபோது மேஜைமேல் இருந்தது இருந்தபடியே இருந்தது. அவர் சாவியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்விட்டார்.

“சார்.”

திரும்பினார்.

“லைசென்ஸ விட்டுட்டுப் போறீங்க. போலீஸ்காரன் புடிச்சா என்ற பேரைத்தான் சொல்லுவீங்க.”

அதையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புதுக் காரில் ஏறினார். கிளப்பியதும் கார் பீப் என்றது. பெல்ட்.

“போட்டாச்சு” என்றார் நாச்சிமுத்து, போட்டுக்கொண்டே.

ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினார். மூலனூர் ரோட்டில் ஏறினார்.

“எதுக்க மணல் லாரி, பாத்தாச்சு. எடப்பக்கம் ஆட்டோ, எடுக்கப் போறான், பாத்தாச்சு. ஒரு அம்மிணி கொடத்தோட நிக்குது, பாத்தாச்சு.”

குடத்தோடு நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறுபத்து மூன்று வயதில் அவர் காது சிவந்தது. வாயை மூடவில்லை.

இளநீர் விற்கிற இடம் வந்தது. அதே மினி லாரி. கால் ஆக்ஸிலரேட்டரைவிட்டு வந்தது.

லாரிக்குப் பின்னாலிருந்து அரைச் சக்கரம் வெளியே தெரிந்தது.

“சைக்கிளு!”

வண்டி நின்றது. பால்கேன் கட்டிய ஒருவர் சாவகாசமாக எதிரே கடந்து போனார். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து காத்திருந்தார். கார் கத்தவில்லை. திரையில் ஒன்றும் மின்னவில்லை. எஞ்சின் மட்டும் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது.

“பாத்தாச்சு, பூவாத்தா” என்றார்.

இடப்பக்கம் திரும்பவில்லை. கண் ரோட்டில் இருந்தது.